மருந்து கேட்கவில்லையா, பூச்சி புதிதாக வந்ததா?

திருவாரூர் மாவட்டத்தின் கடைமடைப் பகுதியிலிருந்து ஒரு விவசாயி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் தவிர்த்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன். சொந்தமாக 3 ஏக்கரும் குத்தகையாக 2 ஏக்கரும் சாகுபடி செய்கிறார். வாய்க்காலில் தண்ணீர் பிந்தி வந்ததால், அக்கம்பக்கத்தாரைவிட மூன்று வாரம் கழித்துத்தான் இந்தக் குறுவைக்கு அவரால் அம்பை 16 ரக நெல்லுக்கு நாற்று விட முடிந்தது. கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் கதிர் நாவாய்ப்பூச்சி கூட்டமாக இறங்கியது. முதலில் லாம்டா சைஹலோத்ரின் தெளித்தார். அன்று பூச்சி கண்ணில் படவில்லை, மூன்றாம் நாள் காலையில் பழையபடி கதிரில் உட்கார்ந்திருந்தது. கடைக்காரர் வேறு கம்பெனியின் மருந்தைக் கொடுத்து, அளவை இரட்டிப்பாக்கச் சொன்னார். அதுவும் பலிக்காததால், மூன்றாவது முறை புரபனோபாஸும் சைபர்மெத்ரினும் கலந்த தயாரிப்போடு இமிடாகுளோபிரிடையும் ஒரே டேங்கில் ஊற்றி அடித்தார்கள். அதன் பிறகு, அவருடைய சொற்களிலேயே, "வயலில் ஒரு சிலந்திகூட மிச்சமில்லை, நாவாய்ப்பூச்சி மட்டும் போகவில்லை." அறுப்புக்கு இரண்டு வாரம் இருக்கையில் தூரின் அடியில் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி வட்டம் வட்டமாக விழுந்தது. மகசூல் குறைந்தது போதாதென்று, கொள்முதல் நிலையத்தில் கறுத்த நெல், பதர் என்று கழித்தார்கள். மூன்றாவது முறை தெளித்த அன்று மாலை, டேங்க் தூக்கிய மகனுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வந்து, மறுநாள் சரியாகிவிட்டது என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

அவர் கேட்பவை நான்கு. எங்கள் ஊர் நாவாய்ப்பூச்சிக்கு மருந்து எதிர்ப்புத்திறன் வந்துவிட்டதா? வந்துவிட்டதென்றால் அதைவிடக் கடுமையான மருந்து எது? கடையில் போலி மருந்து கொடுத்திருந்தால் நஷ்டஈடு கேட்க முடியுமா? குறுவைக்குப் பின் நட்டு இப்போது தூர் கட்டி நிற்கும் தாளடி நெல்லையும், அதன்பின் விதைக்கப்போகும் உளுந்தையும் எப்படிக் காப்பது?

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கடைசி வரியில் எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மகனுக்கு வந்தது வெயில் மயக்கமாகவும் இருக்கலாம். ஆனால் புரபனோபாஸ் ஆர்கனோபாஸ்பேட் வகையைச் சேர்ந்தது, அந்த வகை நஞ்சு உடலில் ஏறினால் தலைசுற்றல், வாந்தி, அதிக வியர்வை, எச்சில் ஊறுதல், பார்வை மங்கல் ஆகியவைதான் முதலில் தெரியும். இந்த நஞ்சு முடக்கும் நொதி இரத்தத்தில் பழைய அளவுக்குத் திரும்பச் சில வாரங்களாவது ஆகும். வெளியே தெளிவாகத் தெரிகிறவர்கூட அந்த இடைவெளியில் மறுபடி மருந்து தெளித்தால் முன்னைவிடக் குறைந்த அளவிலேயே பாதிக்கப்படுவார். ஆகவே மருந்தின் லேபிளை எடுத்துக்கொண்டு அவரை அரசு மருத்துவமனையில் ஒருமுறை காட்டுங்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அவர் டேங்கைத் தொட வேண்டாம். இனி எப்போதாவது இப்படி நேர்ந்தால், சட்டையைக் கழற்றி உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே புறப்பட வேண்டும்.

இனி பூச்சியைப் பார்ப்போம்.

உங்கள் வயலில் நடந்தது என்ன?

எதிர்ப்புத்திறன் என்பது ஒரு நாளில் ஒரு பூச்சிக்கு வருவதன்று. ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளிக்கும்போது, அதைத் தாங்கும் தன்மை பிறவியிலேயே கொண்ட சில பூச்சிகள் பிழைத்து, அவற்றின் சந்ததி பெருகிப் பெருகி, சில ஆண்டுகளில் அந்த வட்டாரத்துப் பூச்சிகளில் பெரும்பான்மை அப்படிப்பட்டவையாக மாறிவிடுவதுதான் அது. நாவாய்ப்பூச்சி இனங்களில் இது நடந்திருக்கிறது. பிரேசிலின் சோயா வயல்களைத் தாக்கும் பழுப்பு நாவாய்ப்பூச்சி எண்டோசல்பான், மோனோகுரோட்டோபாஸ், மெத்தாமிடோபாஸ் ஆகிய மூன்றுக்கும் எதிர்ப்புத்திறன் பெற்றதை அந்நாட்டு ஆய்வாளர்கள் 2001-லேயே வெளியிட்டார்கள். அமெரிக்காவில் டெக்சாஸ், லூசியானா போன்ற நெல் விளையும் மாநிலங்களின் நாவாய்ப்பூச்சியிடம் பைரெத்ராய்டு மருந்துகள் தோற்றுவருகின்றன. நீங்கள் முதலில் தெளித்த லாம்டா சைஹலோத்ரினும் அந்த வகைதான். எனவே உங்கள் சந்தேகம் ஆதாரமற்றதன்று. ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதிய விவரங்கள் வேறொன்றைச் சொல்கின்றன.

முதல் விவரம், மூன்று வாரத் தாமதம். கதிர் நாவாய்ப்பூச்சிக்கு வேண்டியது பால் பிடிக்கும் மணி. அதன் ஊசி போன்ற வாயை உமியின் இடுக்கில் செருகிப் பாலை உறிஞ்சும். ஊரார் வயல்கள் முற்றி மஞ்சளாகிவிட்ட பிறகு, அவற்றில் பெருகிய பூச்சிகளுக்கெல்லாம் பால் கிடைக்கும் இடம் உங்கள் 5 ஏக்கர் மட்டுமே. அறுவடை இயந்திரம் ஒவ்வொரு வயலாக இறங்கும்போதும் அங்கிருந்து எழுந்த கூட்டம் உங்கள் பக்கம் வந்திருக்கும். நீங்கள் முதல் நாள் கொன்றவையும் மூன்றாம் நாள் பார்த்தவையும் வேறு வேறு பூச்சிகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வளர்ந்த பூச்சி வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில்கூட உயிர் வாழும். நெல் இல்லாதபோது வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் உள்ள புல்லின் கதிரில் ஒதுங்கியிருக்கும். இருபுறமும் அறுத்துவிட்ட வயல்களுக்கு நடுவே பச்சையாக நிற்கும் ஒற்றை வயலை எந்த மருந்தாலும் பத்து நாளைக்குக் காவல் காக்க முடியாது.

இரண்டாவது, ஆள் வந்து சேர்ந்து தெளிக்கத் தொடங்க 10, 11 மணி ஆகிவிடும் என்கிறீர்கள். இந்தப் பூச்சி காலையிலும் மாலையிலும்தான் கதிரில் இருக்கும். வெயில் ஏறியதும் நிழல் தேடித் தூருக்கு இறங்கிவிடும். நீங்கள் கதிரை நனைத்திருக்கிறீர்கள், பூச்சி அடியில் இருந்திருக்கிறது. அதோடு, நெற்பூ விரிவது பெரும்பாலும் காலை 9 முதல் 11 மணிக்குள். பூக்கும் பயிரில் அந்த நேரத்தில் மருந்து பட்டால் மணி பிடிப்பதே பாதிக்கப்படலாம். உங்கள் பதரில் ஒரு பங்கு இப்படியும் வந்திருக்கலாம்.

மூன்றாவது, ஏக்கருக்கு 16 லிட்டர் டேங்கில் ஐந்து தெளித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது 80 லிட்டர். கைத்தெளிப்பானோ பேட்டரி தெளிப்பானோ, நெல் கதிர் விட்ட நிலையில் ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பதுதான் பொதுவான பரிந்துரை. தண்ணீரைக் குறைத்து மருந்தைக் கூட்டினால், துளி பட்ட இடத்தில் தேவைக்கு மேல் நஞ்சும், படாத இடத்தில் ஒன்றுமில்லாத நிலையும் உண்டாகும். மருந்து சரியாகப் படாமல் தப்பிப் பிழைக்கிற பூச்சிகள், நீங்கள் அஞ்சுகிற எதிர்ப்புத்திறனுக்கே வித்திடலாம்.

இவற்றையெல்லாம் ஊகமாகவே விட்டுவிட வேண்டியதில்லை. அடுத்த முறை தெளித்த மறுநாள் காலை 7 மணிக்கு வயலில் இறங்கி, வளர்ந்த பூச்சியை விட்டுவிட்டுக் குஞ்சுகளைத் தேடுங்கள். வளர்ந்தது, மெலிந்து நீண்ட உடலும் நீண்ட கால்களும் உணர்கொம்பும் கொண்டு, கையால் தொட்டால் நாற்றம் அடிக்கும். கிட்டே போனால் பறந்துவிடும். குஞ்சு இளம்பச்சையாக, இறக்கை முழுதாக வளராமல் இருக்கும்; அதனால் பறக்க முடியாது, இன்னொரு வயலிலிருந்து வந்து சேரவும் முடியாது. வளர்ந்த பூச்சி மட்டும் தென்பட்டால் அது வெளியிலிருந்து வந்த கூட்டம். எறும்பளவுக் குஞ்சுகள் தென்பட்டால் அவை தெளித்த பிறகு முட்டையிலிருந்து வெளிவந்தவையாக இருக்கலாம்; இலையின் மேற்பரப்பில் நடுநரம்பை ஒட்டி வரிசையாகக் கருஞ்சிவப்பு முட்டைகள் ஒட்டியிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள், மருந்து பெரும்பாலும் அவற்றைக் கொல்வதில்லை. நடுத்தர வளர்ச்சியுள்ள குஞ்சுகள், நன்றாக நனைந்த கதிரிலேயே, இரண்டு நாள் கழித்தும் சுறுசுறுப்பாக நடமாடினால்தான் எதிர்ப்புத்திறனைச் சந்தேகிக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் குஞ்சு என்ற பேச்சே இல்லை. "பறந்துபோய் வரப்பில் உட்கார்ந்து திரும்பி வந்தன" என்றுதான் இருக்கிறது.

மூன்று டப்பா, ஒரே மருந்து

"மூன்று முறை மருந்தை மாற்றிப் பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். மாற்றவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் அனுப்பிய இரண்டாவது டப்பாவின் படத்தில், கம்பெனிப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருப்பதும் லாம்டா சைஹலோத்ரின்தான். மூன்றாவது கலவையில் இருந்த சைபர்மெத்ரினும் அதே பைரெத்ராய்டு வகை. பூச்சியின் நரம்பில் இவை மூன்றும் தாக்கும் இடம் ஒன்றே. ஒன்றைத் தாங்கும் பூச்சி பெரும்பாலும் மற்றதையும் தாங்கும். மருந்தை மாற்றுவதென்றால் இந்த வகையை, அதாவது மருந்துத் தொகுதியை மாற்ற வேண்டும். உலக அளவில் பூச்சிக்கொல்லிகளைச் செயல்படும் விதத்தைக் கொண்டு எண்ணிட்டுப் பிரித்திருக்கிறார்கள்: ஆர்கனோபாஸ்பேட் 1பி, பைரெத்ராய்டு 3ஏ, இமிடாகுளோபிரிட் போன்ற நியோநிக்கோட்டினாய்டு 4ஏ. கடையில் கேட்க வேண்டிய கேள்வி "வேறு கம்பெனி இருக்கிறதா" என்பதன்று, "இதில் உள்ள மூலப்பொருள் எந்தத் தொகுதி" என்பதே. கடைக்காரருக்குத் தெரியவில்லையென்றால் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள்.

கடுமையான மருந்து எது என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். டப்பாவில் உள்ள சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்களைப் பார்த்து, சிவப்பு என்றால் பூச்சியை நன்றாகக் கொல்லும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அந்த நிறம் மனிதனுக்கும் கால்நடைக்கும் எவ்வளவு ஆபத்து என்பதை மட்டுமே காட்டுகிறது. பக்கத்து வயல்காரர் டைகுளோர்வாஸ் கலக்கச் சொன்னதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். டைகுளோர்வாஸ், போரேட், டிரையசோபாஸ் ஆகியவை 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. பழைய கையேடுகளில் கதிர் நாவாய்ப்பூச்சிக்குச் சொல்லியிருக்கும் கார்பரில், பென்தியான், மீத்தைல் பாரத்தியான் மருந்துகளும் 2018 ஆகஸ்டில் வெளியான உத்தரவோடு போய்விட்டன. யாராவது இருப்பில் இருந்ததென்று கொடுத்தால் வாங்காதீர்கள்.

புகையான் எங்கிருந்து வந்தது?

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கவலைப்படுத்தியது நாவாய்ப்பூச்சி அன்று, புகையான். இரண்டும் தனித்தனித் துரதிர்ஷ்டங்கள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். என் கணிப்பில் முதலாவதற்குச் செய்த வைத்தியம் இரண்டாவதை வரவழைத்திருக்கிறது.

புகையானை நெல் வயலில் கட்டுக்குள் வைத்திருப்பவை சிலந்திகளும், புகையானின் முட்டையை உறிஞ்சிக் குடிக்கும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும்தான். (நாவாய்ப்பூச்சி என்றாலே பகை என்று எண்ண வேண்டாம், இது நம் பக்கம் நிற்கும் சிறிய உறவினர்.) பைரெத்ராய்டு தெளித்தால் இவை முதலில் சாகின்றன. புகையானோ, தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, மருந்து எட்டாத இடத்தில் உட்கார்ந்திருக்கும். அதன் முட்டை இலையுறைக்குள் புதைந்திருக்கும். எதிரி இல்லாத வயலில் அது இரண்டு மூன்று வாரங்களில் பெருகிவிடும். பைரெத்ராய்டுகளும் குயினால்பாஸும் புகையானை மீண்டும் பெருகச் செய்யும் மருந்துகள் என்பதால், புகையான் வரும் இடங்களில் அவற்றைத் தவிர்க்கும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. உங்கள் முதல் தெளிப்புக்கும் புகையான் வட்டத்துக்கும் இடையிலான நாட்களைக் கணக்கிட்டால் பொருத்தமாகவே இருக்கிறது.

இமிடாகுளோபிரிட் சேர்த்தோமே என்று கேட்பீர்கள். எதிர்ப்புத்திறன் என்ற சொல்லை முழு உறுதியோடு சொல்லக்கூடிய இடம் இதுதான். 2000-களின் நடுப்பகுதியிலிருந்து ஆசியாவின் பல நெல் நாடுகளில் புகையான் இமிடாகுளோபிரிடுக்கு எதிர்ப்புத்திறன் பெற்றிருக்கிறது. இந்தியாவின் பல பகுதிகளிலும் அது பதிவாகியிருக்கிறது. நாவாய்ப்பூச்சி புல்லிலும் நெல்லிலும் மாறி மாறி வாழ்வதால், மருந்தே படாத பூச்சிகள் வந்து கலந்து எதிர்ப்புத்திறன் பரவுவதைத் தாமதப்படுத்தும்; ஏறக்குறைய நெல்லை மட்டுமே நம்பி, மாதத்துக்கொரு தலைமுறையாகப் பெருகும் புகையானுக்கு அந்தத் தடை இல்லை. நீங்கள் நாவாய்ப்பூச்சியை எண்ணி ஊற்றிய இமிடாகுளோபிரிட், உங்கள் வயலின் புகையானில் எது தாங்குமோ அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கும். பூச்சியின் பெயர் லேபிளில் இல்லாத மருந்தை "அதற்கும் இருக்கட்டும்" என்று சேர்க்கும் பழக்கத்தின் விலை இது.

போலி மருந்தா? நஷ்டஈடு உண்டா?

சட்டத்தில் இடமிருக்கிறது, ஆனால் உங்கள் வழக்கு பலவீனமானது. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் பெற்றவர் மட்டுமே மருந்து விற்கலாம்; தரமற்ற, போலியான, காலாவதியான மருந்தை விற்பது குற்றம். பூச்சிமருந்து ஆய்வாளர் கடையிலிருந்து மாதிரி எடுத்து அரசு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். நீங்கள் திறந்து பயன்படுத்திய பாட்டிலில் மிச்சமிருப்பதைக் கொண்டு தரத்தை நிரூபிப்பது எளிதன்று. அதே பேட்ச் எண் கொண்ட, முத்திரை உடையாத டப்பா கடையில் இருக்கும்போதே வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுத்து மூலம் புகார் கொடுப்பதுதான் பயன் தரும். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஆனால் உங்களிடம் இருப்பது மொத்தத் தொகை மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு; மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி எதுவும் அதில் இல்லை.

அதைவிட முக்கியமானது, வயலில் ஒரு சிலந்திகூட மிச்சமில்லை என்ற உங்கள் சொந்த வாக்கியம். மருந்து வெறும் தண்ணீராக இருந்திருந்தால் சிலந்தி செத்திருக்காது. அது முழு வீரியத்தோடு இருந்தது என்பதற்கு இதுவே நிரூபணம் ஆகாது என்றாலும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்து வைக்கப்போவது இதைத்தான். என் யோசனை, இந்தப் பருவத்து இழப்புக்காக வழக்கில் பணத்தைப் போடாமல், அடுத்த முறையிலிருந்து முழு விவரமுள்ள பில்லைக் கேட்டு வாங்குவது. பில் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். கடனுக்கு வாங்குவதால் கேட்கத் தயங்குகிறேன் என்று எழுதியிருந்தீர்கள், கடனுக்கு வாங்கினாலும் பில் உங்கள் உரிமை.

தாளடிக்கு இப்போது செய்ய வேண்டியவை

கதிர் வருவதற்கு முன்பே வரப்பையும் வாய்க்கால் கரையையும் சுத்தம் செய்யுங்கள்; குறிப்பாகக் கதிர் விட்ட புல் இருக்கக் கூடாது. நெல் கதிர் விட்ட பிறகு இதைச் செய்தால், புல்லில் இருந்த பூச்சியை நீங்களே வயலுக்குள் விரட்டிவிட்டதாகும். நட்டபோது எட்டடிக்கு ஓரடி பட்டம், அதாவது நடாத இடைவெளி, விட்டிருந்தால் நல்லது. விடவில்லையென்றால் இப்போதே தூரை விலக்கிக் கட்டி காற்றும் வெளிச்சமும் அடிக்கு இறங்க வழி செய்யலாம். தழைச்சத்தை இனி அள்ளிக் கொட்ட வேண்டாம், புகையானுக்கு அது விருந்து.

பூக்கத் தொடங்கியதும் இரண்டு நாளைக்கு ஒருமுறை காலையில் எண்ணிப் பாருங்கள். வயலின் குறுக்காக நடந்து 10 இடங்களில், இடத்துக்கு 10 கதிராக 100 கதிர். பூக்கும் பருவத்தில் 100 கதிருக்கு 5 பூச்சி, பால் பிடித்ததிலிருந்து மணி முற்றும்வரை 100 கதிருக்கு 16 பூச்சி என்பது பல்கலைக்கழகம் வகுத்துள்ள பொருளாதாரச் சேதநிலை. அதற்குக் கீழே இருந்தால் தெளிக்கும் செலவு மிச்சமாகும் நெல்லைவிட அதிகம். நீங்கள் முதல் தெளிப்புக்கு முன் எண்ணவில்லை என்றே தெரிகிறது; வரப்போரக் கதிர்களில் மட்டும் பார்த்தால் எப்போதும் கூட்டமாகத்தான் தெரியும், பூச்சி ஓரத்திலிருந்துதான் உள்ளே வருகிறது. புகையானுக்கு, தூரை விலக்கி அடியில் பாருங்கள்: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 பூச்சி, பல தூர்கள் சேர்ந்த குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கும் வயலில் தூருக்கு 2 பூச்சி வரை பொறுக்கலாம். சேதநிலைக் கணக்கிலேயே சிலந்திக்கு ஓர் இடம் இருப்பதைக் கவனியுங்கள்.

இந்தச் சேதநிலை எல்லையைத் தொடுமுன்பே 5 விழுக்காடு வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். ஏக்கருக்கு 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து 200 லிட்டராக்கி, மாலை 4 மணிக்கு மேல் தெளிக்க வேண்டும். நொச்சி இலைச்சாறும் பரிந்துரையில் உண்டு. அழுகிய நண்டைத் துணியில் கட்டி வரப்போரம் தொங்கவிட்டால் நாற்றத்துக்குப் பூச்சி கூடுவதும், மாலையில் கைவலையால் வாரி அழிப்பதும் பழைய முறைகள். 5 ஏக்கரையும் காக்காது, ஓரங்களில் கூட்டத்தைக் குறைக்கும்.

எல்லையைத் தாண்டி இரசாயனம் தேவைப்பட்டால், லேபிளில் நெல்லும் இந்தப் பூச்சியும் எழுதப்பட்டிருக்கும், பைரெத்ராய்டு அல்லாத ஒரே ஒரு மருந்தை, லேபிள் அளவில், முழுத் தண்ணீரோடு, மாலையில், வரப்பையும் சேர்த்துத் தெளியுங்கள். பல்கலைக்கழகப் பரிந்துரையில் மாலத்தியான் இருக்கிறது. அது குறுவையில் நீங்கள் அதிகம் பயன்படுத்தாத தொகுதி. இரண்டாவது தெளிப்பு தேவைப்பட்டால் மறுபடி எண்ணிவிட்டு முடிவு செய்யுங்கள். கடைசித் தெளிப்புக்கும் அறுப்புக்கும் இடையே லேபிளில் சொல்லியுள்ள காத்திருப்பு நாட்கள் கழிய வேண்டும். அந்த வைக்கோலைத்தான் உங்கள் மாடு தின்னப்போகிறது. ட்ரோன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தனி வயலுக்கு அதனால் பெரிய லாபமில்லை. ஒரே வாய்க்காலில் உள்ள 30, 40 ஏக்கரை ஒரே மாலையில் முடிக்க அது உதவும், இந்தப் பூச்சிக்கு அப்படித் தெளிப்பதுதான் பலன் தரும்.

அடுத்த குறுவைக்கு இதையே நீட்டிச் சொல்கிறேன். கடைமடைக்குத் தண்ணீர் பிந்துவது உங்கள் குற்றமன்று. ஆனால் பிந்தும் என்று தெரிந்தால் அம்பை 16-க்குப் பதில் 105 நாளில் வரும் ஆடுதுறை 37 போன்றதைப் போட்டு ஒரு வாரத்தையாவது பிடிக்கலாம். மீதியை, அதே வாய்க்காலில் உங்களோடு பிந்தியவர்கள் சேர்ந்து ஒரே வாரத்தில் நாற்று விட்டால் ஈடுகட்டலாம். 5 ஏக்கரில் குவியும் கூட்டம் 50 ஏக்கரில் பரவினால் சேதநிலைக்குக் கீழேயே நிற்கக்கூடும்.

உளுந்தில் நீங்கள் பார்க்கப்போவது வேறு இனங்கள்: கேடயம் போன்ற அகன்ற உடலுடைய பச்சை நாவாய்ப்பூச்சியும், காயை உறிஞ்சும் பழுப்புக் காய் நாவாய்ப்பூச்சியும். பச்சை நாவாய்ப்பூச்சி பீப்பாய் வடிவ முட்டைகளை நெருக்கமாக அடுக்கி இலையின் அடியில் வைக்கும். பொரித்த குஞ்சுகள் முதல் சில நாட்கள் சாறு உறிஞ்சாமல் அந்த அடுக்கின் மேலேயே கூட்டமாக உட்கார்ந்திருக்கும். அந்த இலையைக் கிள்ளி எடுத்தால் ஒரு கூட்டமே போயிற்று. முட்டைகள் கறுத்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள், உள்ளே ஒட்டுண்ணிக் குளவி வளர்ந்துகொண்டிருக்கலாம். தாளடியில் பயன்படுத்திய தொகுதியை உளுந்தில் மீண்டும் தெளிக்க வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் எதிர்ப்புத்திறன் சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். தாளடி பால் பிடிக்கையில் கைவலையால் நடுத்தரக் குஞ்சுகளாகப் பிடித்து, கதிரோடு கூடிய இரண்டு குத்துகளைக் கொசுவலைத் துணியால் மூடி, ஒவ்வொன்றிலும் இருபது விடுங்கள். ஒன்றுக்கு லேபிள் அளவில் கலந்த மருந்தையும் மற்றதற்கு வெறும் தண்ணீரையும் நன்றாக நனையத் தெளித்து, 24 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலும் உயிரோடிருப்பவற்றை எண்ணுங்கள். பைரெத்ராய்டில் மயங்கி விழுந்தது மறுநாள் எழுவதுண்டு, அதனால்தான் இரண்டு முறை. தண்ணீர் தெளித்த கூண்டிலும் பல செத்திருந்தால் சோதனை செல்லாது, மறுபடி செய்ய வேண்டும். மருந்துக் கூண்டில் பாதிக்கு மேல் பிழைத்திருந்தால், அந்தப் பூச்சிகளையும் மருந்தின் பில்லையும் தெளித்த தேதிகளையும் எடுத்துக்கொண்டு நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கோ நேரில் போங்கள்; பூச்சியியல் பிரிவில் முறையாகச் சோதிக்கச் சொல்லலாம். போக முடியாத நாளில் 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மையத்தில் தமிழிலேயே பேசலாம்.